அம்மா புதைத்த மெசினும் நான் புதைத்த நாவலும்

2009 தை மாதம் சண்டை நெருங்கி, வன்னியில் எங்கள் ஊரான விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வளவில் இரண்டு குழி வெட்டினோம். அம்மாவின் சாமானுக்கு ஒன்று, என் சாமானுக்கு ஒன்று. அம்மா தன் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, உழவு மெசினுக்கு வைத்திருந்த கிறீஸை அள்ளி அதன் மேல் அப்பினார். பிறகு அப்பாவின் பழைய சாரத்தால் சுற்றி, உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீனை இரண்டு மடிப்பாகப் போட்டு, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டி, கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்தில் இறக்கினார். நான் ஆறு வருடமாக எழுதிய நாவலை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தேன். அரிக்காமல் இருக்க நாலு பூச்சி உருண்டை போட்டேன். நல்ல பூட்டாகப் பார்த்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சாவியோடுதான் மாத்தளன் வரை போனேன். செட்டிக்குளம் அகதி முகாமிலும் அது கழுத்தில்தான் கிடந்தது. 2011இல் திரும்பி வந்து தோண்டினோம். மெசின் இருந்தது. கிறீஸைத் துடைத்தால் அதன் உடம்பில் இருந்த தங்க நிறப் பூவேலைகூட மங்கவில்லை. என் குழியை யாரோ முன்பே தோண்டியிருந்தார்கள். பெட்டி போய்விட்டது. அவர்கள் கொட்டிவிட்டுப் போன தாள்கள் பற்றைக்குள் மாரி மழையில் நனைந்து, கறையான் ஏறி, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. "அத்தியாயம் 11" என்று தடித்த பேனையால் எழுதிய ஒரு வரியை மட்டும் வாசிக்க முடிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பூட்டுப் போடாமல் தாட்டிருந்தால் ஒருத்தரும் தூக்கியிருக்க மாட்டாங்கள், தம்பி" என்றார்.

உண்மைதான். பூட்டிய பெட்டி என்றால் நகை என்றுதானே நினைப்பார்கள். அன்றிலிருந்து நான் எழுதும் எதையும் ஓர் இடத்தில் மட்டும் வைப்பதில்லை. கொப்பியில் எழுதுவேன், அன்றிரவே கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அவர் வாசிப்பதில்லை, அழிக்கவும் மாட்டார். அது போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் கிளிநொச்சியில் என் மூன்றாவது நாவலை வெளியிட்டோம். பேச வந்த ஒருவர் என்னைச் "சாகச நாவலாசிரியர்" என்று அறிமுகப்படுத்தினார். காட்டில் நடக்கிறவன், களப்பில் வலை வீசுகிறவன், யானைக் காவலுக்குப் பரணில் படுக்கிறவன் என்று அடுக்கிக்கொண்டே போனார். முன்வரிசையில் இருந்த என் மனைவி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே பயப்படுகிற ஆள் நான். கூட்டம் முடிய ஒரு மாணவி வந்து, "எங்கயிருந்து சேர் உங்களுக்குக் கதை வருது?" என்று கேட்டாள். தையல் மெசினுக்குள்ளிருந்து என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் மெசின் 1970களில் மிளகாய்க் காசில் வாங்கியது. அப்பா படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுவில் காணி கிடைத்து வந்தவர். வெளிநாட்டு மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த அந்த வருடங்களில் வன்னி மிளகாய்க்கு நல்ல விலை. சில வீடுகளில் ரேடியோ வாங்கினார்கள், சில வீடுகளில் மோட்டார் சைக்கிள். எங்கள் வீட்டுக்கு மெசின் வந்தது. 2011இல் அதை மறுபடி பூட்டி ஓட வைத்தது நான்தான். கையில் வேறு வேலை இல்லை. அப்படியே அதைப் பிரித்துப் பூட்டிப் பழகினேன்.

அதே காலத்தில்தான் திரும்பி வந்த குடும்பங்களுக்கு, முக்கியமாகப் புருசனை இழந்த பெண்களுக்கு, வாழ்வாதார உதவி என்று தையல் மெசின்கள் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக இறுகின. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, தேங்காய் எண்ணெய்தான். மெசின் எண்ணெய் வாங்கப் பத்துப் பன்னிரண்டு மைல் போக வேண்டும், தேங்காய் எண்ணெய் குசினியில் இருக்கிறது. விட்டதும் மெசின் வழுக்கிக்கொண்டு ஓடும். சில கிழமை போக எண்ணெய் பசையாகி எல்லா மூட்டையும் பிடித்துக்கொள்ளும். மற்றபடி ஊசியை மறுபக்கமாகப் போட்டிருப்பார்கள், அல்லது பல்லுத் தட்டுக்குக் கீழே நூல் பஞ்சு அடைந்திருக்கும்.

அவற்றைத் திருத்தத்தான் ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன். இறுகிய மெசினைத் திருத்துவதில் ஒரு வசதி இருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். அவசரப்பட்டு உருட்டினால் உள்ளே ஏதாவது முறியும். எனவே நெடுங்கேணிக்கோ நாயாற்றுக்கோ போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. யாராவது ஓர் அண்ணை, "இதில படுங்கோ தம்பி, விடிய முடிச்சிட்டுப் போங்கோ" என்று திண்ணையில் பாய் போட்டுத் தருவார். அந்த வீட்டு ஆண்கள் இரவில் எங்கே போகிறார்களோ நானும் கூடப் போவேன். காலபோக, அதாவது மாரி நெல் வயல் என்றால் பரணுக்கு. நந்திக்கடல் பக்கம் என்றால் இறாலுக்கு. என் சாகசமெல்லாம் இப்படித்தான் நடந்தது. வீச்சுவலை பழகும்போது ஈயக்குண்டு ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும், வீசும் கணத்தில் வாயைத் திறக்க வேண்டும். நான் திறக்கப் பிந்தினேன். முன்பல்லில் ஒரு மூலை இன்றைக்கும் இல்லை.

கதை தேடிப் போன இடங்களில் எனக்கு ஒரு கதையும் கிடைக்கவில்லை. கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தால் சனம் அறிக்கை கொடுப்பது போலப் பேசும். பெயர், இடம்பெயர்ந்த திகதி, இழந்த சொத்து. அந்த வருடங்களில் அவர்களை விசாரித்தவர்கள் அவ்வளவு பேர். ஸ்பனரோடு போனால் அப்படி இல்லை. ஆள் மெசினைப் பார்த்துக்கொண்டிருப்பார், நானும் மெசினைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பேச்சு நடுவில் எங்கேயோ வந்து விழும்.

இதை என்னைவிடப் பல காலம் முந்தியே ஒருவர் செய்திருக்கிறார் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். தகப்பனோடு கப்பலில் கொட்டியாரக் குடாவுக்கு வந்து, 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 19. அதன் பிறகு 19 வருடம் கைதி. சிறையில் அடைக்கவில்லை, ஊர்களில் விட்டு வைத்திருந்தார்கள். தகப்பன் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் தொப்பி பின்னி விற்றார். ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்துத்தான் ஒரு கிழவரிடமிருந்து பைபிள் ஒன்றை வாங்கினார். பிறகு சில்லறைச் சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போனார். ஒவ்வொரு பயணத்திலும் வடக்கே கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கையில் விற்க ஒரு பொருள் இருந்தபடியால், "ஏன் வந்தாய்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

1679 ஒக்டோபரில் ஒரு தோழரையும் கூட்டிக்கொண்டு வியாபாரி வேசத்திலேயே அனுராதபுரம் வரை வந்தார். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காடு வழியே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு எங்கள் பக்கம் வந்தால் அருவியாறு. இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. அதில் எங்கள் மண்ணும் வருகிறது, "கொயிலட் வன்னியா" என்று காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். அப்போது வன்னியை ஆண்ட கைலாய வன்னியனைத்தான் சொல்கிறார் என்பார்கள். டேனியல் டீபோ 1719இல் ரொபின்சன் குரூசோவை எழுத இந்தப் புத்தகமும் ஒரு தூண்டுதல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குரூசோவின் சுருக்கத்தைப் படித்திருக்கிறேன். அந்தக் கதையின் வேர் ஒன்று எங்கள் ஆற்றுக் கரையில் கிடக்கிறது என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

அகராதியும் கையுமாக அந்தப் பழைய ஆங்கிலத்தை வாசித்து முடித்த அன்றே அந்த ஆற்றங்கரையில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்ல முன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டில் நடக்க அவர்தான் பழக்கினார்.

அம்மாவின் ஊர் ஒட்டுசுட்டான். மாமா தேன் எடுப்பார். கோடையில் தண்ணீர் வற்றிய நேரம் காட்டுக்குள் இருக்கும் சின்னக் குளமான ஒரு மோட்டையின் கரையில் போய்க் குந்துவார். தேனீ தண்ணீர் குடித்துவிட்டு எழும்பி எந்தப் பக்கம் நேராகப் போகிறது என்று பார்ப்பார். ஒன்று போனால் எழும்ப மாட்டார். நாலைந்து அதே பக்கம் போக வேண்டும். பிறகு அந்தக் கோட்டில் நடந்து பொந்தைக் கண்டுபிடிப்பார். வெட்டும்போது வதையில் ஒரு பங்கை விட்டுவிடுவார். "அதுகும் மாரிக்குத் திண்ண வேணுமே, மருமோன்."

காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் குழை முறித்துப் போடுவார். காவல் தெய்வத்துக்கு வைப்பது, வன்னி முழுக்க இருக்கிற வழக்கம். நான் பக்தியாக மட்டும்தான் அதை நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் அந்தக் குழைகளைக் குனிந்து கிண்டிப் பார்த்துவிட்டு, "விடியப்புறம் மூண்டு பேர் போயிருக்கிறாங்கள், இன்னும் திரும்பேல்லை" என்றார். வாடாத குழை, அரைவாட்டம், காய்ந்தது. வருகைப் பதிவுப் புத்தகம்தான்.

அவர் சொன்னவற்றில் எனக்கு அதிகம் உதவியது, ஐம்பது அடிக்கு ஒருக்கால் திரும்பிப் பார் என்பது. போகும்போது நாம் பார்ப்பது மரத்தின் ஒரு பக்கத்தை. திரும்பி வரும்போது மறுபக்கம்தான் தெரியும், அது வேறு மரம் போல இருக்கும். காட்டில் வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பும்போதுதான் தவறுகிறார்கள். ஒரு நாவலைப் பாதி எழுதி இடறுப்பட்டால் நான் இப்போது செய்வதும் அதுதான். கடைசி அத்தியாயத்தில் நிற்கிற ஆளின் கண்ணால் முதல் அத்தியாயத்தைப் பார்ப்பேன். எது தெரியவில்லையோ அதை வெட்டுவேன்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு மாமா சொன்னதும் நான் பட்டதுமாகச் சில சொல்லி வைக்கிறேன். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுத்திருக்கும் காட்டுக்குள் சத்தமில்லாமல் போகக் கூடாது. கரடி மரத்தில் இருக்கும்.  கரடி திடுக்கிட்டால் முகத்துக்கு வரும். கதைத்துக்கொண்டு போங்கள், இருமுங்கள், பாடத் தெரியாவிட்டாலும் பாடுங்கள். இரண்டு குளத்துக்கு நடுவில் இருக்கும் பாதையில் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். யானைக்கு முன்னால் ஓடக் கூடாது என்று புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். முத்தையன்கட்டில் நேரில் கண்டபோது ஓடினேன், செருப்பு இரண்டும் போய்விட்டது. சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் மிதிவெடி இல்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். புதிய இடம் என்றால் மாடு போய்ப் போய்த் தேய்ந்த தடத்தை விட்டு ஒரு காலடிகூட இறங்காதீர்கள். சலம் கழிக்கப் போனாலும்தான்.

ஆற்றுப் பயணம் 2023 ஆவணியில். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனபோது, சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருத்தப் போனேன். அதில் கால் பழகியிருந்தது. தேக்கம் அணைக்கட்டில் தொடங்கினேன். அருவியாற்றை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் பழைய கல்லணை அது. முருங்கன் பக்கத்தில் மாடு மேய்க்கும் ஓர் அண்ணை, அறுபது வயதிருக்கும், கூட வரச் சம்மதித்தார். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கலியாணத்துக்கோ போறீர்?" என்றார். இரண்டு புத்தகத்தையும் ஒரு சோடிச் சப்பாத்தையும் அவர் வீட்டிலேயே விட்டேன்.

ஆவணியில் அருவியாறு மணல்தான். அங்கங்கே மடு. மடுவில் முதலை இருக்கும், எனவே தண்ணீரிலிருந்து தள்ளி, மிருகங்கள் தண்ணிக்கு இறங்கும் தடத்தில் இல்லாமல் ஓர் இடம் பார்த்துப் படுக்க வேண்டும். கரையெங்கும் மருது. வெள்ளை வெளேர் என்ற அடிமரங்கள், தண்ணீர் வற்றினாலும் குளிர்ச்சி விடாத நிழல். நொக்ஸ் இதே நிழலில்தான் ஒளித்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதல் நாள் முழுக்க எழுதிக்கொண்டே நடந்தேன். அண்ணை தன் சின்ன வயதில் இந்த ஆறு பெருகி ஒரு மாட்டுப் பட்டியையே கொண்டுபோன கதையைச் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். நல்ல பேச்சுக்காரர். அப்படி வாய்க்காது.

இரண்டாம் நாள் விடிய, முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் பையைக் காணோம். மேலே பார்த்தேன். செங்குரங்கு ஒன்று மருதங்கொப்பில் இருந்து கிறீம் கிராக்கர் தின்றுகொண்டிருந்தது. கொப்பியை அதே உறைக்குள்தான் வைத்திருந்தேன். அதையும் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கீழே விட்டது. காற்று அள்ளிக்கொண்டு போய் மடுவில் போட்டது. நான் கல்லெறியப் போக அண்ணை கையைப் பிடித்தார். "எறிஞ்சால் மிச்சத்தையும் கொண்டு மற்ற மரத்துக்குப் பாயும். நில்லும், அதுக்கு அலுக்கும்."

அலுத்தது. 13 பக்கம் தேறியது. மாட்டுப் பட்டிக் கதை அதில் இல்லை. அண்ணையிடம் மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்தான். ஆனால் முதல் தரம் தானாக வந்த கதை, இரண்டாம் தரம் நான் கேட்டு வந்த கதை. அந்தப் பயணத்தை வைத்து எழுதிய நாவலில் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத அத்தியாயம் அதுதான். பிறகு மாங்குளத்தில் ஒரு தங்கச்சி, மெசின் திருத்தியதற்குக் கூலியாக எனக்கு ஒரு துணிப்பை தைத்துத் தந்தாள். பிஸ்கட்டுக்கு ஓர் அறை, கொப்பிக்கு ஓர் அறை. கொப்பி அறை ஓர் அங்குலம் சிறிது. பெரிய சீஆர் கொப்பி போகாது. எனவே இப்போது 80 பக்கக் கொப்பியில்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அரிப்புக்கு வந்தோம். ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டு அல்லிராணிக் கோட்டைக்கும் போனோம். கதைகளில் வரும் அல்லிராணிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிரெடெரிக் நோர்த் என்ற ஆங்கில ஆளுநர் முத்துக்குளிப்பைப் பார்க்க 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, கரை இன்னும் இடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஆளுநரின் பெயர் அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. இப்படித்தான் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். 1803 ஒக்டோபர் 31இல் தங்கள் கப்டன், தங்களை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று எழுதி, தங்கள் வெற்றிக்கு நட்ட கல். சனம் அங்கே போனது தோற்றவனை நினைக்க. பள்ளிக்கூட நாட்களில் மாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். வரலாற்று நாவல் எழுத எனக்கு ஆசை வந்தது அந்தக் கல்லடியில்தான். எங்கள் காட்டையும் குளத்தையும் நாவலில் எழுதலாம் என்ற துணிவு வந்தது, தண்ணிமுறிப்பை வைத்து அ. பாலமனோகரன் 1973இல் வெளியிட்ட "நிலக்கிளி"யை வாசித்தபோது.

கதை சொல்லும் முறையை ஒரு கோயிலிடமிருந்து படித்தேன் என்றால் கொஞ்சம் கூடுதலாகப் படலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தண்ணீர் எடுத்து வந்து அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம் பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்க்கும் பெடியளிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்கிறாள். பெடியள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள். எரிகிறது. அதிசயம் இதுதான். ஆனால் அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தது அடுத்த இடத்தில். கிழவி தலை கடிக்கிறது, பேன் பார் என்கிறாள். ஒரு பெடியன் மயிரை விலக்கிப் பார்க்கிறான். தலை முழுக்கக் கண்.

எண்ணெயில்லாத விளக்கை நம்பாதவர்கள்கூட அந்தப் பேன் பார்க்கும் இடத்தில் விழுந்துவிடுவார்கள். பேன் பார்ப்பது எங்கள் எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் நடப்பது. பெரிய அதிசயத்தை நம்ப வைக்கச் சின்ன விபரம் ஒன்று வேண்டும் என்று அதில் விளங்கிக்கொண்டேன். அந்தச் சின்ன விபரம் என்ன செய்யும் என்பதை விளங்கிக்கொள்ள மட்டும் பிந்திவிட்டது.

2013இல் ஒரு சிறுகதை எழுதினேன். சஞ்சிகை ஒன்றில் வந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அக்கா வீட்டு மெசினைத் திருத்தப் போனபோது லாச்சியை இழுத்தேன், பொபின் எடுக்க. உள்ளே ஆண்பிள்ளைச் சேட்டு ஒன்று, வெட்டி, குண்டூசி குத்தி, தைக்காமல் கிடந்தது. அவர் புருசன் 2009இல் காணாமல் போனவர். "வந்தால் அளவு பாத்துத் தைப்பம் எண்டு வைச்சிருக்கிறன். மெலிஞ்சிருப்பார்" என்றார். நான் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். சேட்டை மாற்றவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை. ஆனால் அந்தச் சேட்டை அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். எந்த விபரம் கதையை நம்ப வைத்ததோ அதுவே ஆளையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். படலையைத் திறக்கவில்லை. படலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "எழுதினது பிழையெண்டு நான் சொல்லேல்லை, தம்பி. நான் உமக்குத்தானே சொன்னனான்."

அதற்குப் பிறகு சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். ஆளுக்கு முன்னால் எழுதுவதில்லை. வேலையை முடித்து வெளிக்கிட்டு, முதல் மதகில் நிறுத்திக் கால் மணித்தியாலத்துக்குள் எழுதிவிடுவேன். அதற்கு மேல் பிந்தினால் அவர்களின் சொல் போய் என் சொல் வந்துவிடும். எழுதியதை இரண்டு வருடமாவது தொடுவதில்லை. பயன்படுத்துவதானால் போய்க் கேட்பேன், எந்த விபரம் என்று குறிப்பாகச் சொல்லிக் கேட்பேன். "உங்கட கதையை எழுதலாமோ?" என்றால் எல்லோரும் ஓம் என்பார்கள். "உங்கட லாச்சிக்குள்ள கிடந்த சேட்டை எழுதலாமோ?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். இப்படிக் கேட்டு இதுவரை மூன்று கதைகளை இழந்திருக்கிறேன். அதில் ஒன்று நான் எழுதியிருக்கக்கூடிய மிக நல்ல கதை. சரி, போகட்டும்.

காசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நாவல் எழுதிப் பிழைக்க முடியாது. என் முதல் நாவலை 500 பிரதி சொந்தக் காசில் அடித்தேன். வெளியீட்டில் நூறு போனது, மிச்சம் இரண்டு வருடம் கட்டிலுக்குக் கீழே. இப்போது 300தான் அடிக்கிறேன். முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், கச்சான் சுருளோடு ஒரு நாவலையும் கொடுத்தால் என்ன என்று யோசிப்பேன். மனைவி கேட்டாள், கச்சான் சுற்றவா, வாசிக்கவா என்று.

போன மாதம் புதுக்குடியிருப்பு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எண் என்னிடம் இருக்கவில்லை, குரலில் தெரிந்தது. மெசின் இறுகிவிட்டது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். போனேன். படலை திறந்திருந்தது. தேங்காய் எண்ணெய்தான், பழையபடி. மண்ணெண்ணெய் விட்டு வைத்துவிட்டு அடுத்த நாள் விடிய மறுபடி போனேன். துடைத்து, எண்ணெய் விட்டு, வாரை மாற்றி, ஓட்டிக் காட்டப் பொபின் தேவைப்பட்டது. கை பழக்கத்தில் லாச்சிக்குப் போய்விட்டது. இழுத்த பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. துடைத்து, பழைய பேப்பர் விரித்திருந்தது.

பொபினை அவர் கையில் வைத்திருந்தார். தந்தார். ஓட்டிக் காட்டினேன். பிளேன்ரீ தந்தார். பிறகு எவ்வளவு என்று கேட்டார். முந்தி என்னிடம் கேட்டதில்லை, முட்டையோ முருங்கைக்காயோ தந்துவிடுவார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சரியான காசைக் கொண்டுவந்து மெசின் பலகையில் வைத்து, எண்ணிப் பாரும் என்றார். எண்ணிப் பார்த்தேன்.